எட்டாம் நாள் காய்ச்சல்: குறிஞ்சிப்பாடிப் பக்கத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளி 46 வயதுப் பெண்மணி. ஊர், கடலூர் மாவட்டம் குறிஞ்சிப்பாடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். வீட்டில் சில ஆடுகள், குத்தகைக்கு எடுத்த கொஞ்சம் முந்திரித் தோப்பு. மற்ற நாட்களில் நடவு, களையெடுப்பு, நூறு நாள் வேலை. சர்க்கரை, பிரஷர், ஆஸ்துமா எதுவும் கிடையாது. டிசம்பர் நடுவில், காய்ச்சல் தொடங்கி எட்டாம் நாள் எங்களிடம் வந்தார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். நோய் போன வழியை மாற்றவில்லை.

உண்ணிக் காய்ச்சல் எனப்படும் ஸ்க்ரப் டைஃபஸ்தான் அவருக்கு வந்தது. இது இங்கே அரிதான நோய் இல்லை. வடகிழக்குப் பருவமழை பெய்து, புல்லும் புதரும் மண்டி, பனி இறங்கத் தொடங்கும் மாதங்களில் கடலூர், புதுச்சேரி, விழுப்புரம் பக்கம் ஆண்டுதோறும் வருவது. பரிசோதனை இருக்கிறது, மருந்து இருக்கிறது, மருந்தின் விலையும் குறைவு. அப்படியும் இந்த அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு எட்டாம் நாள்தான் சரியான இடத்துக்கு வந்து சேர்ந்தார். அந்த எட்டு நாளில் அவர் குடும்பத்தார் கேட்ட கேள்விகள் எல்லாமே நல்ல கேள்விகள். உட்கார்ந்து பதில் சொல்லத்தான் ஆள் இல்லை. அதனால் நோயின் போக்கோடு அந்தக் கேள்விகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதல் ஏழு நாள்

முதல் நாள் சாயங்காலம் குளிர் எடுத்துக் காய்ச்சல். கூடவே கடுமையான தலைவலி, உடம்பு முழுக்க அடித்துப் போட்ட மாதிரி வலி. மெடிக்கலில் பாராசிட்டமால் வாங்கிப் போட்டுக்கொண்டு மறுநாள் ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போயிருக்கிறார். இரண்டாம் நாள் ராத்திரி எழுந்திருக்க முடியவில்லை. பக்கத்து ஊர் கிளினிக்கில் ஒரு ஊசி, மூன்று வேளைக்கு மாத்திரை. என்ன ஊசி என்று சீட்டில் எழுதவில்லை. ஊசி போட்டால் வியர்த்து விட்டுவிடும், ராத்திரி மறுபடியும் அனலாகக் கொதிக்கும். இப்படியே இரண்டு நாள்.

நான்காம் நாள் லேபில் டெங்குவுக்கான என்.எஸ்.1 பார்த்தார்கள், நெகட்டிவ். டைபாய்டுக்கான வைடால் பரிசோதனையில் ‘ஓ’ 1:80 என்று வந்தது. உடனே டைபாய்டு என்று சொல்லி செஃபிக்ஸிம் மாத்திரை. ஆறாம் நாள் மறுபடி ரத்தம் எடுத்ததில் பிளேட்லெட் 82,000. அதற்கப்புறம் வீட்டில் எல்லோருடைய கவனமும் அந்த ஒரு எண்ணின் மேல் போய்விட்டது. பப்பாளி இலை பறித்து அரைத்துச் சாறு கொடுத்தார்கள், குடித்ததெல்லாம் வாந்தி. ஏழாம் நாள் வறட்டு இருமல், நடந்தால் மூச்சு வாங்கல். கூடவே, காது இரண்டும் அடைத்த மாதிரி இருக்கிறது, பேசுவது சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லியிருக்கிறார். சாப்பிடாததால் வந்த பலவீனம் என்று அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த ஏழு நாளில் மூன்று பேர் அவருக்கு மருத்துவம் பார்த்திருக்கிறார்கள். மூவருமே சேலைக்கு மேலே ஸ்டெத் வைத்துப் பார்த்ததோடு சரி.

எங்களிடம் வந்தபோது

காய்ச்சல் 103 டிகிரி ஃபாரன்ஹீட். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 116, ரத்த அழுத்தம் 100/64, மூச்சு நிமிடத்துக்கு 26. வெளிக்காற்றில் ஆக்சிஜன் அளவு 93 சதவீதம். கண் இரண்டும் சிவந்திருந்தன. முகம் லேசாக உப்பியிருந்தது. கேட்ட கேள்விக்குப் பதில் தெளிவாக வந்தது, ஆனால் இரண்டாம் முறை உரக்கக் கேட்ட பிறகு.

அவருடைய கணவர் கொத்தனார் வேலை செய்பவர். கையில் மூன்று லேப் சீட்டு. நான் உட்காருவதற்கு முன்பே, “சார், பிளேட்லெட்டு எறங்கிக்கினே போவுது, ஏத்தணுமா?” என்றார். கல்லூரியில் படிக்கும் மகள் இன்னும் ஒரு படி மேலே போய், “டெங்கு இல்லன்னு வந்துடுச்சு. அப்புறம் ஏன் சார் கொறையுது?” என்று கேட்டாள். இந்த நோயாளியின் மொத்தச் சிக்கலும் மகளின் கேள்விக்குள் இருந்தது. டெங்கு இல்லை என்றால் வேறென்ன என்று முந்தைய ஏழு நாளில் யாராவது கேட்டிருக்க வேண்டும்.

நான் திரும்பக் கேட்டது வேறு: காய்ச்சலுக்கு ஒன்று, இரண்டு வாரம் முன்னால் எங்கே வேலை? வாய்க்கால் கரையில் புதர் வெட்டும் வேலை என்றார். மத்தியானச் சாப்பாடு அதே கரையில் புல்மேல் உட்கார்ந்துதான். போட்டிருந்த முழுக்கைச் சட்டையைக் கழற்றி அங்கேயே புல்மேல் விரித்துக் கொஞ்சம் படுத்தும் இருந்திருக்கிறார்.

இதைக் கேட்ட பிறகு, சிற்றுண்ணி கடித்த இடத்தில் உண்டாகும் பொருக்கு இருக்கிறதா என்று உடம்பு முழுக்கத் தோலைப் பார்க்காமல் விட முடியாது. மறைப்புத் தட்டி போட்டு, மகளையும் கூட வைத்துக்கொண்டு, எங்கள் சிஸ்டர் பார்த்தார். காதுக்குப் பின்னால், பிடரியில் தலைமுடியை விலக்கி, அக்குள், பாவாடை நாடா இறுகும் இடுப்பு, தொடை இடுக்கு. எங்கும் இல்லை. கடைசியில் இடது மார்பைத் தூக்கிப் பார்த்தபோது, மடிப்புக்குள், ஜாக்கெட்டின் கீழ் விளிம்பு அழுத்தும் இடத்தில் இருந்தது. கருப்பாக ஒரு பொருக்கு, அகலம் 8 மி.மீ. இருக்கும், சுற்றிலும் மெல்லிய சிவப்பு வளையம். சிகரெட்டால் சுட்ட மாதிரி இருக்கும் என்று பாடத்தில் சொல்வார்கள், இது அதேதான். தொட்டால் வலி இல்லை, அரிப்பும் இல்லை. இடது அக்குளில் நெறி கட்டியிருந்தது. அதை அழுத்தியபோது மட்டும் முகம் சுளித்தார்.

“அது ஜாக்கெட் உரசின புண்ணுன்னு நெனச்சேன். வலிக்கவே இல்ல, அதான் சொல்லல” என்றார் அந்த அம்மா. வலிக்காத ஒன்றை ஆண் மருத்துவரிடம் அவர் எப்படிச் சொல்லுவார்? கேட்டுப் பார்க்க வேண்டியது நம் வேலை.

நோய் இன்னது

ஸ்க்ரப் டைஃபஸ். தமிழ்ப் பத்திரிகைகளில் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகிறார்கள். ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி என்னும் பாக்டீரியாவால் வருவது. பரப்புவது புதரில் வாழும் ஒருவகைச் சிற்றுண்ணியின் குஞ்சு. இதன் அளவு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும், கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. எலி, பெருச்சாளி, மூஞ்சூறு இவற்றின் காதுமடலில் ஒட்டி வாழும். புல் நுனியில் காத்திருந்து அந்த வழியாகப் போகும் மனிதர்மேலும் ஏறும். ஏறியதும் கடிக்காது. ஆடை இறுக்கித் தடுக்கும் இடம்வரை ஊர்ந்து, தோல் மெல்லியதாகவும் ஈரமாகவும் இருக்கும் மடிப்பைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். பொருக்கு பெரும்பாலும் மறைவான இடத்தில் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

கடித்த 6 நாளிலிருந்து 21 நாளுக்குள் காய்ச்சல் வரும், பெரும்பாலும் பத்து நாளை ஒட்டி. கிருமி ரத்தக்குழாய்களின் உட்சுவர் செல்களுக்குள் புகுந்து பெருகும். குழாய்கள் கசியத் தொடங்கும். முகம் உப்புவது, ரத்த அழுத்தம் இறங்குவது, நுரையீரலில் நீர் கோப்பது எல்லாம் அந்தக் கசிவால் வருவதுதான். பிளேட்லெட் குறைவதும் இதே நோயின் ஒரு பகுதி.

ஐ.சி.எம்.ஆர். எனப்படும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1975இல் புதுச்சேரியில் தொடங்கிய, நோய் பரப்பும் பூச்சிகளை ஆராயும் வெக்டர் கன்ட்ரோல் ரிசர்ச் சென்டரின் ஆய்வாளர்கள், புதுச்சேரியிலும் தமிழகப் பகுதிகளிலும் எலி, மூஞ்சூறுகளைப் பிடித்துச் சோதித்து, இந்தச் சிற்றுண்ணிகள் அவற்றின்மேல் இருப்பதையும் கிருமி இருப்பதையும் பதிவு செய்திருக்கிறார்கள். மலைக்காட்டு நோய் என்று இன்னும் நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். மூஞ்சூறு இல்லாத வீடு நம் பக்கம் எங்கே இருக்கிறது?

பரிசோதனை முடிவுகள்

வெள்ளை அணுக்கள் 11,800. பிளேட்லெட் 68,000. கல்லீரல் நொதிகள் எஸ்.ஜி.ஓ.டி. 148, எஸ்.ஜி.பி.டி. 112. சோடியம் 129, அல்புமின் 2.8, கிரியாட்டினின் 1.3. நெஞ்சு எக்ஸ்ரேயில் இரு நுரையீரல்களின் கீழ்ப்பகுதியிலும் வெண்படலம். மலேரியா இல்லை. டெங்கு ஐ.ஜி.எம். (நோய் வந்ததும் உடம்பு முதலில் உண்டாக்கும் எதிர்ப்பொருள்) நெகட்டிவ், எலிக்காய்ச்சலுக்கான ஐ.ஜி.எம். நெகட்டிவ். ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் ரத்த கல்ச்சருக்கும் அனுப்பினோம். ஸ்க்ரப் டைஃபஸ் ஐ.ஜி.எம். எலிசாவுக்கு மாதிரி அனுப்பியாயிற்று. முடிவு வர இரண்டு நாள் ஆகும்.

சீட்டுகளில் இருந்த விவரங்களே வழி காட்டின. டெங்குவில் காய்ச்சல் பொதுவாக ஏழு நாளைத் தாண்டாது, காய்ச்சல் விடும் சமயத்தில்தான் பிளேட்லெட் அடிமட்டத்துக்குப் போகும். இங்கே எட்டாம் நாளும் 103 டிகிரி. டெங்குவில் வெள்ளை அணுக்களும் பெரும்பாலும் குறையும், இங்கே கூடியிருந்தது. எலிக்காய்ச்சலை மட்டும் அவ்வளவு எளிதாக ஒதுக்க முடியாது. தண்ணீர் தேங்கிய வயலில் இறங்குபவர், கண் சிவப்பு, உடம்பு வலி எல்லாம் அதற்கும் பொருந்தும். ஆனால் கருப்புப் பொருக்கு அதில் கிடையாது. இந்தப் பருவத்தில் இந்த ஊரில், பொருக்கும் நெறிக்கட்டும் சேர்ந்து இருந்தால் எலிசா முடிவுக்காக மருந்தை நிறுத்திவைக்கக் கூடாது. ஸ்க்ரப் டைஃபஸ் அடங்கிய ரிக்கெட்சியா வகை நோய்களுக்கான ஐ.சி.எம்.ஆர். வழிகாட்டுதல் 2015இலேயே இதைத்தான் சொல்கிறது: சந்தேகம் வலுவாக இருந்தால் லேப் முடிவுக்குக் காத்திராமல் தொடங்கு.

சிகிச்சை

நுரையீரல் பாதிப்பு இருந்ததால் இதைத் தீவிர நோயாகக் கொண்டோம். டாக்ஸிசைக்ளின் முதலில் 200 மி.கி., பிறகு 12 மணிக்கு ஒருமுறை 100 மி.கி.; கூடவே அசித்ரோமைசின் 12 மணிக்கு ஒருமுறை 500 மி.கி. இரண்டும் நரம்பு வழியாக. சாதாரண நிலையில் டாக்ஸிசைக்ளின் மாத்திரை ஒன்றே போதும். தீவிர நிலைக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதற்கான சான்று நம் நாட்டிலிருந்தே வந்தது. இந்திய மருத்துவமனைகளில் சுமார் 800 நோயாளிகளிடம் நடத்தி 2023இல் வெளியான ஆய்வில், இறப்பு, தீராத சிக்கல், விடாத காய்ச்சல் இவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டதில் இரு மருந்தும் பெற்றவர்களில் 33 சதவீதம், டாக்ஸிசைக்ளின் மட்டும் பெற்றவர்களில் 47, அசித்ரோமைசின் மட்டும் பெற்றவர்களில் 48. இறப்பில் மட்டும் தனியாகப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் உறுப்புகள் சீக்கிரம் தேறுவது நோயாளிக்குப் பெரிய விஷயம்.

முகமூடி வழியாக ஆக்சிஜன். குளுக்கோஸ், சலைன் விஷயத்தில் கையைக் கட்டிக்கொண்டோம். “சாப்பிடவே இல்ல, ரெண்டு பாட்டிலு ஏத்துங்க சார்” என்று கணவர் கேட்டார். கசியும் குழாய்களில் அளவில்லாமல் ஏற்றினால் அது நுரையீரலில்தான் போய் நிற்கும். ரத்த அழுத்தமும் சிறுநீர் அளவும் பார்த்துப் பார்த்து ஏற்ற வேண்டும் என்று விளக்கியதும் ஒத்துக்கொண்டார். பிளேட்லெட் ஏற்றவில்லை.

ஒன்றரை நாளில் காய்ச்சல் விட்டது. இந்த நோயில் சரியான மருந்து விழுந்தால் 48 மணி நேரத்துக்குள் காய்ச்சல் இறங்குவது வழக்கம். இறங்காவிட்டால் வேறு நோய் கூட இருக்கிறதா என்று மறுபடி யோசிக்க வேண்டும். மூன்றாம் நாள் ஆக்சிஜனை எடுத்தோம். அதற்குள் எலிசா பாசிட்டிவ் என்று வந்தது. வீட்டுக்கு அனுப்பும் நாளில் பிளேட்லெட் தானாகவே 1,46,000. கல்ச்சரில் கிருமி எதுவும் வளரவில்லை. ஊசியும் மாத்திரையுமாக மொத்தம் ஏழு நாள் மருந்து முடித்தார்.

வார்டில் கேட்ட கேள்விகள்

பிளேட்லெட் ஏற்றாமல் விட்டது சரியா என்று திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் போனில் கேட்டார். ரத்தக்கசிவு எதுவும் இல்லாதபோது, எண் பத்தாயிரத்துக்குக் கீழே போனால்தான் அதைப் பற்றி யோசிப்போம். 68,000 என்பது ஆபத்தான எண் இல்லை. அந்த எண்ணைப் பார்த்துப் பயந்து தினமும் காலை மாலை ரத்தம் எடுப்பதைவிட, மூச்சு எப்படி இருக்கிறது, சிறுநீர் போகிறதா, தெளிவாகப் பேசுகிறாரா என்று பார்ப்பது உயிரைக் காக்கும். நோய்க்கு மருந்து போனதும் எண் தானே ஏறும், ஏறியது.

பப்பாளி இலைச்சாறு, நிலவேம்புக் குடிநீர் கொடுக்கலாமா? கணவர் தயங்கித் தயங்கித்தான் கேட்டார், திட்டுவேனோ என்று. இதற்கெல்லாம் திட்டக் கூடாது, அக்கறையில் செய்கிறார்கள். டெங்குவில் பப்பாளி இலையால் பிளேட்லெட் கொஞ்சம் சீக்கிரம் ஏறுகிறது என்று சில சிறிய ஆய்வுகள் உண்டு. செல்லுக்குள் ஒளிந்திருக்கும் இந்தக் கிருமியை அது தொடாது. வாந்தி எடுக்கும் ஆளுக்குக் கசப்புச் சாறு கொடுத்தால் உடம்பில் இருக்கிற நீரும் போகும். கஞ்சி, மோர், இளநீர் போதும். எதைக் கொடுத்தாலும் சரி, அதை நம்பி மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடக் கூடாது என்பதுதான் நான் சொன்னது.

டைபாய்டு பாசிட்டிவ் என்று வந்ததே, அது பொய்யா? மகள் கேட்டாள். லேப் பொய் சொல்லவில்லை. வைடால் என்பது டைபாய்டு கிருமிக்கு எதிரான பொருள் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது. நம் ஊர்த் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்கள் பலருக்கும் 1:80 அளவுக்குப் பழைய மிச்சம் இருக்கும். வேறு காய்ச்சலிலும் அது கொஞ்சம் ஏறும். ஒரே ஒரு வைடாலை வைத்து டைபாய்டு என்று முடிவு கட்ட முடியாது; மாத்திரை தொடங்கும் முன் ரத்த கல்ச்சர் எடுப்பதே முறை. இந்த நிகழ்வில் அந்த 1:80 செய்த கெடுதல் பெரிது. செஃபிக்ஸிம், செஃப்ட்ரியாக்ஸோன், அமாக்ஸிசிலின் வகை மருந்துகள் எவ்வளவு கொடுத்தாலும் ஸ்க்ரப் டைஃபஸ் கிருமிமேல் வேலை செய்யாது. மருந்து ஓடுகிறது என்ற நிம்மதியில் நாட்கள்தான் போகும்.

என்.எஸ்.1 போல இதற்கும் முதல் நாளே தெரியும் பரிசோதனை இல்லையா? ஐ.ஜி.எம். எலிசா பொதுவாக ஐந்து, ஏழு நாள் கழித்துத்தான் பாசிட்டிவ் ஆகும். இரண்டாம் நாள் எடுத்து நெகட்டிவ் வந்தால் நோய் இல்லை என்று அர்த்தம் ஆகாது. பொருக்கின் துணுக்கை எடுத்து, கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். செய்தால் முன்கூட்டியே தெரியும். ஆனால் அந்த வசதி எல்லா இடத்திலும் இல்லை. வெய்ல் ஃபெலிக்ஸ் என்று ஒரு பழைய பரிசோதனை சில லேப்களில் இன்னும் உண்டு, தவறவிடுவது அதிகம். எனக்கு இதில் அதிக நம்பிக்கை கண்ணால் பார்ப்பதில்தான். காசில்லாத பரிசோதனை, இரண்டு நிமிட வேலை. பொருக்கு எல்லோருக்கும் இருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கருத்த தோலில் தெரியாமலும் போகும். இல்லை என்பதால் நோயை ஒதுக்கிவிடக் கூடாது, இருந்தால் மட்டும் கிட்டத்தட்ட உறுதி.

காது அடைப்பு எதனால்? காய்ச்சலோடு திடீரென்று காது மந்தமாவது ஸ்க்ரப் டைஃபஸில் காணப்படும் அறிகுறி. சிலருக்கு மூளைக்காய்ச்சல் வரை போவது உண்டு, வலிப்பும் வரலாம். இவருக்குக் கழுத்து விறைப்போ குழப்பமோ இல்லை. காதும் ஒரு வாரத்தில் தெளிந்தது. காய்ச்சல்காரர் டிவி சத்தத்தைக் கூட்டச் சொன்னால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வீட்டில் பேரக்குழந்தை இருக்கிறது, ஒட்டுமா? ஒட்டாது. ஒரே பாயில் படுத்தாலும், ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஆளிடமிருந்து ஆளுக்குப் போகாது. ஆட்டின்மேலும் நாயின்மேலும் கண்ணுக்குத் தெரியும்படி ஊதிக்கிடக்கும் உண்ணியாலும் இந்த நோய் வராது. அதனால் ஆட்டை விற்கவும் வேண்டாம், நாயை விரட்டவும் வேண்டாம். ஆனால் அதே வாய்க்கால் கரையில் வேலை செய்த மற்ற பெண்களுக்கும் வரலாம். காய்ச்சல் இருந்தால் சொல்லி அனுப்புங்கள் என்றோம்.

குழந்தைக்கு வந்தால் டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் பல் கறை படியுமாமே? இதைக் கேட்டவர் பக்கத்துக் கட்டில் நோயாளியின் மருமகள். பழைய டெட்ராசைக்ளினில் அந்தப் பயம் நியாயமானது. டாக்ஸிசைக்ளினை எடைக்குத் தக்க அளவில் சில நாள் மட்டும் கொடுப்பதால் குழந்தைகளின் பல் கெடுவதில்லை என்று இப்போது தெளிவாகியிருக்கிறது. கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் கொடுப்போம்.

பத்தியம் பற்றி அந்த அம்மாவே கேட்டார்: தயிர் சேர்க்கலாமா, தலைக்கு ஊற்றலாமா? இரண்டும் தாராளமாக. கவனிக்க வேண்டியது மாத்திரை சாப்பிடும் விதத்தைத்தான். டாக்ஸிசைக்ளினை வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். சாப்பிட்ட பிறகு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு, உட்கார்ந்து விழுங்க வேண்டும். உடனே படுத்தால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். சத்து மாத்திரை என்று கொடுக்கும் இரும்பு, கால்சியம் மாத்திரைகளையும், அல்சர் மருந்தாகக் குடிக்கும் ஜெல்லையும் கூடவே சாப்பிட்டால் மருந்து உடம்பில் சேராது. இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். காய்ச்சல் விட்டதும் மிச்ச மாத்திரையைக் குப்பையில் போடாமல் முடிக்க வேண்டும்.

இதையெல்லாம் கேட்ட கணவர், “அப்ப ஜொரம்னா இந்த மாத்திரையவே வாங்கிப் போட்டுக்கலாமா?” என்றார். வேண்டாம். மழைக்காலக் காய்ச்சலில் பெரும்பகுதி வைரஸ், அதற்கு இது தேவையே இல்லை. டெங்குவாக இருந்து, மாத்திரை போட்டாச்சு என்று வீட்டிலேயே இருந்துவிட்டால் அது இன்னொரு ஆபத்து. மருத்துவரிடம் போய், “புதர் வெட்டும் வேலைக்குப் போனேன், உண்ணிக் காய்ச்சலா பாருங்க” என்று கேட்டு வாங்குங்கள். பெண் மருத்துவரோ செவிலியரோ பார்க்கட்டும் என்று கேட்பதும் உங்கள் உரிமை.

இந்த நிகழ்வை வைத்து நான் சொல்ல வருவது

நம் பக்கத்து மருத்துவர்களுக்கும் மருந்துக்கடைக்காரர்களுக்கும் இதைச் சொல்கிறேன். அக்டோபர் முதல் பிப்ரவரி வரை, ஐந்து நாள் தாண்டிய காய்ச்சல் யாருக்கு இருந்தாலும் ஸ்க்ரப் டைஃபஸைப் பட்டியலின் முதல் வரியில் வையுங்கள். ஆண்களுக்கு அக்குள், அரைஞாண் கயிற்றுக்குக் கீழே, விதைப்பை. பெண்களுக்கு மார்பின் அடி, பாவாடை நாடா இறுகும் இடம். குழந்தைகளுக்கு காதுக்குப் பின்புறம், தலை, இடுக்கு. இங்கெல்லாம் பார்க்காமல் மூன்றாவது முறை ரத்தம் எடுக்க அனுப்புவதில் எனக்கு உடன்பாடு இல்லை. வெளிநோயாளிப் பிரிவில் இருநூறு பேர் நிற்கிறார்கள், மறைவிடம் இல்லை, பெண் உதவியாளர் இல்லை என்பதெல்லாம் உண்மைதான். ஒரு திரைச்சீலை மாட்டுவதற்கு ஆகும் செலவு ஒரு பிளேட்லெட் பரிசோதனைக்கும் அதிகம் இல்லை.

மருந்தில்லாமல் விட்டால் இந்த நோய் எத்தனை பேரைக் கொல்லும் என்பது ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. நூற்றுக்கு முப்பது வரை போன இடங்கள் உண்டு. இரண்டாம் உலகப் போரில் பர்மா, அஸ்ஸாம் முனையில் சிப்பாய்களைச் சாய்த்த காய்ச்சல் இது. 1948இல் மலேயாவில் அமெரிக்க மருத்துவர் ஜோசப் ஸ்மேடல் குழுவினர் குளோராம்ஃபெனிகால் என்னும் மருந்தைக் கொடுத்துக் குணப்படுத்திக் காட்டினார்கள். அப்போதிருந்தே மருந்து கையில் இருக்கிற நோய். தாமதம் ஒன்றுதான் இதை ஆபத்தாக்குகிறது.

மீள்வருகை

இரண்டு வாரம் கழித்து வந்தபோது நடை சரியாக இருந்தது. பொருக்கு உதிர்ந்து வெளிறிய தழும்பு மட்டும். எக்ஸ்ரே தெளிந்துவிட்டது, சோடியமும் கல்லீரல் நொதிகளும் இயல்புக்கு வந்திருந்தன. மத்தியானம் ஆனால் களைத்துப்போகிறது என்றார். அது சில வாரம் இருக்கும், தானே போகும், பயப்படத் தேவையில்லை.

மறுபடி வருமா என்று கேட்டார். வரலாம். ஒருமுறை வந்தால் கிடைக்கும் எதிர்ப்பு நீண்ட நாள் நிற்காது, கிருமியின் மற்ற வகைகளுக்கு எதிராக அது அதிகம் உதவாது. தடுப்பூசி கிடையாது. அதற்காக வேலையை விடு என்று அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அந்தக் கூலியில்தான் வீடு நடக்கிறது. சேலைக்கு மேலே போடும் ஆண்பிள்ளைச் சட்டை நல்ல காப்பு. கைப்பொத்தானைப் போட்டுக்கொள்ள வேண்டும், கழற்றினால் புல்மேல் விரிக்காமல் மரக்கிளையில் மாட்ட வேண்டும். சாப்பிட உட்காரத் தார்ப்பாய் ஒன்று எடுத்துப்போகச் சொன்னேன். கொசுவுக்குப் பூசும் டி.இ.இ.டி. கலந்த களிம்பைக் காலிலும் கையிலும் தடவினால் இந்தச் சிற்றுண்ணியும் அண்டாது. வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்து, வேலைத் துணியைச் சுடுதண்ணீரில் அலசி, வேலிப் புதர்மேல் காயப் போடாமல் கொடியில் போட வேண்டும். பேரக்குழந்தையை வரப்புப் புல்லில் துணி விரித்துப் படுக்க வைப்பதை நிறுத்தச் சொன்னேன். அதைத்தான் அழுத்திச் சொன்னேன்.

வீட்டைச் சுற்றி இருக்கிற புதரைக் கொளுத்திவிடலாமா என்று கணவர் கேட்டார். வெட்டிச் சுத்தம் செய்தால் போதும், விறகுக் குவியலைச் சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள், தீவனத்தை மூடி வைத்து எலி சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். வெட்டும்போது முழுக்கைச் சட்டையும் செருப்புமாக அவரே வெட்டுவதாகச் சொன்னார். அதற்கப்புறம் மூன்று வாரத்துக்குள் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் நேரே எங்களிடம் வரும்படி, புதர் வெட்டப் போகும் தேதியையும் அவர்களுடைய சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தோம்.